பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்க!

வாசகர் கேள்வி–பதில்

வரலாற்று வியூகக் கணினி விளையாட்டுகளுக்கு மேலே மேலே வந்து குவியும் டிஎல்சிகளில், அதாவது மூல விளையாட்டுக்கு மேல் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகளில், எதை வாங்கலாம், எதை விடலாம் என்று கொங்கு மண்டலத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். ரூபாய்க் கணக்கு எதுவும் எழுதவில்லை. தள்ளுபடிக்குத் தள்ளுபடி விலை மாறும். இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது பழசாகிவிடும்.

ஏனுங்க, யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 தள்ளுபடியில கெடச்சுதுன்னு வாங்கிப்போட்டேனுங்க. கடைப் பக்கத்தைத் தொறந்தா டிஎல்சி பட்டியல் மளிகைச் சீட்டு மாதிரி நீண்டுக்கிட்டே போகுது. அத்தனையும் வாங்குனாத்தான் ஆட முடியுங்களா? விஜயநகரத்தை எடுத்து ஆடத்தான் ஆசை.
— வாசகர், பெருந்துறை

வேண்டியதில்லை. ஆனால் ஏன் வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தில் உள்ள மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இந்த விளையாட்டு 2013 ஆகஸ்ட்டில் வந்தது. பிறகு பத்தாண்டுக்கு மேல் டிஎல்சி வந்துகொண்டே இருந்தது. 2024 மே மாதம்கூட விண்ட்ஸ் ஆஃப் சேஞ்ச் என்று ஒன்று. ஒவ்வொரு டிஎல்சி வரும்போதும் கூடவே ஒரு இலவச அப்டேட் எல்லோருக்கும் இறங்கும். இதை வெளியிடும் பாரடாக்ஸ் நிறுவனத்தின் வழக்கம் இது: வண்டியை இலவசமாகக் கொடுப்பார்கள், மூக்கணாங்கயிற்றுக்குக் காசு கேட்பார்கள். மாகாணங்களுக்கு வளர்ச்சி எண் என்ற முறை இலவச அப்டேட்டில் வந்தது. அந்த எண்ணை உங்கள் ஆட்சிப் புள்ளிகளைச் செலவழித்து ஏற்றும் பொத்தான் காமன் சென்ஸ் டிஎல்சியில் வந்தது. ஐரோப்பாவில் முளைத்துப் பரவும் 'இன்ஸ்டிட்யூஷன்' முறை இலவசம். உருப்படாத இளவரசனை வாரிசுப் பட்டத்திலிருந்து நீக்கும் உரிமை ரைட்ஸ் ஆஃப் மேன் டிஎல்சியில். ஆகவே விளம்பரப் படத்தில் என்ன ஜொலிக்கிறது என்று பார்க்காமல், எந்தப் பொத்தான் இல்லாமல் உங்கள் கை கட்டிப்போட்டது போல ஆகிறது என்று பாருங்கள்.

விஜயநகரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. 1450 வாக்கில் மறுமலர்ச்சி என்ற இன்ஸ்டிட்யூஷன் இத்தாலியில் முளைக்கும். அது ஹம்பிக்கு நடந்து வந்து சேர வெகுகாலம் ஆகும். அதுவரை உங்கள் தொழில்நுட்பச் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஐரோப்பாவுக்கு வெளியே ஆடுகிறவர்கள் இதற்குச் செய்வது ஒன்றுதான். வளர்ச்சிச் செலவு குறைவாக உள்ள விளைநில மாகாணம் ஒன்றைப் பிடித்து, அதிலேயே புள்ளிகளைக் கொட்டி, அந்த இன்ஸ்டிட்யூஷனைத் தங்கள் மண்ணிலேயே முளைக்க வைப்பது. வளர்ச்சிப் பொத்தான் இல்லையென்றால் இதைச் செய்ய முடியாது. இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு: ராணுவப் புள்ளிகளையும் சேர்த்து வளர்ச்சியில் போட்டுவிட்டு, ராணுவத் தொழில்நுட்பத்தில் ஒரு படி பின்தங்குவது. பக்கத்திலிருக்கும் பாமினி அதற்குத்தான் காத்திருப்பான். மூன்று வகைப் புள்ளிகளும் சேர்ந்து நிற்கும்வரை பொறுத்து, ஒரே மூச்சில் கொட்டுங்கள்.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் எதுவும் வாங்காமல் 1550 வரை ஒரு ஆட்டம். அதற்குள் எந்த இடத்தில் பொத்தான் மங்கலாக, பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பழைய டிஎல்சிகளில் சிலவற்றை மூல விளையாட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் கடையில் தனியாக விற்கப்படாத பெயர் எதையாவது யாராவது 'கட்டாயம் வாங்கு' என்று பழைய கட்டுரையில் எழுதியிருந்தால் அதைத் தேடி அலையாதீர்கள். அது உங்களிடமே இருக்கக்கூடும். பிறகு தர்மா. 2018-இல் வந்த இது இந்தியாவுக்கென்றே செய்தது. வணிகக் கழகங்களில் முதலீடு செய்வதும் இதில்தான். அடுத்தது க்ரேடில் ஆஃப் சிவிலைசேஷன். பெயர் மேற்காசியாவைச் சொன்னாலும், படைக்குப் பயிற்சி கொடுப்பதும் படைத்தொழில் அளவுகோலும் எந்த நாட்டுக்கும் பயன்படும். மேண்டேட் ஆஃப் ஹெவன் பெயரைப் பார்த்துச் சீனாவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். யுகங்களின் சிறப்புத் திறன்களும் பொற்காலமும் அதில் உள்ளன.

ரூல் பிரிட்டானியா, தேர்ட் ரோம், கோல்டன் செஞ்சுரி மூன்றும் முறையே இங்கிலாந்து, ரஷ்யா, ஸ்பெயின் பக்கம் ஆடுகிறவர்களுக்கு. எம்பரர் நல்ல டிஎல்சி, ஆனால் ஐரோப்பாவில் ஆட்டம் இல்லையென்றால் அதில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். லெவியதன் 2021 ஏப்ரலில் வந்தபோது பிழைகள் மலிந்து, ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கடும் வசவு வாங்கியது. பின்னால் வந்த அப்டேட்டுகள் பெருமளவு சரிசெய்தன. நினைவுச் சின்னங்களைத் தரமுயர்த்தும் வசதி அதில்தான். கடைசியில் வாங்கினால் போதும்.

க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் 1066 தொடக்கத்தில் சோழரை எடுத்து ஆடுகிறேன். ராயல் கோர்ட், டூர்ஸ் அண்டு டோர்னமெண்ட்ஸ், ரோட்ஸ் டு பவர் மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது.
— கல்லூரி மாணவர், கோவை

டூர்ஸ் அண்டு டோர்னமெண்ட்ஸ். காரணம், சோழருக்குக் கீழே சிற்றரசர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். 1066-இல் சோழ நாட்டை ஆண்டவர் வீரராஜேந்திரன். அவர் கண்ணை மூடியதும் பட்டத்துக்கு வருபவன் மேல் யாருக்கும் மதிப்பு இருக்காது, கலகக் கட்சி கூடும். புது அரசனைப் பெரும் சுற்றுப்பயணம் அனுப்பி, பெரிய சிற்றரசர்களின் வீட்டு வாசலுக்கே போய் மனத்தைத் திருப்பும் வசதி இந்த டிஎல்சியில் உள்ளது. பயணம் செய்யும் முறை இலவச அப்டேட்டில் எல்லோருக்கும் உண்டு. பெரும் பயணமும் போட்டிகளும் பெருந்திருமணமும்தான் காசுக்கு. கையில் பொன் இல்லாமல் கிளம்பாதீர்கள், பாதியில் கடனில் விழுவீர்கள். வழியைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபத்து எண்ணைப் பாருங்கள். குறுக்குவழி என்று மலையும் காடும் ஏறப்போய் அரசன் வழியிலேயே செத்துப்போனால், எந்தக் கலகத்தை அடக்கப் போனாரோ அதுவே மூளும்.

ராயல் கோர்ட்டின் அரியணை மண்டபம் அரசர், பேரரசர் தரத்தில் இருப்பவருக்கு மட்டுமே திறக்கும். சோழருக்கு முதல் நாளே திறந்துவிடும் என்பதால் உங்களுக்கு அது வீணில்லை. இதே விளையாட்டைக் கொங்குச் சோழர் போன்ற ஒரு சிற்றரசாகத் தொடங்குகிறவருக்கு அது பல தலைமுறை பூட்டிய அறை. தங்குமிடம், ஏவலர், உடை, உணவு என நான்கு அரண்மனைச் செலவுகளையும் உச்சத்துக்கு ஏற்றிவிட்டுக் கருவூலம் ஏன் காலி என்று கேட்கிறவர்கள் நிறைய. நாட்டின் அளவுக்கு எதிர்பார்க்கப்படும் மாட்சிமை அளவு ஒன்று திரையில் தெரியும். அதைத் தொட்டால் போதும், தாண்டத் தேவையில்லை. இரு பண்பாட்டைக் கலந்து புதிதாக ஒன்று படைக்கும் வசதியும் இந்த டிஎல்சியோடு வருவதுதான். ஈழத்தையும் கலிங்கத்தையும் பிடித்த பிறகு அது தேவைப்படும். ஆகையால் இரண்டாவது இது.

ரோட்ஸ் டு பவர் அருமையான டிஎல்சி, ஆனால் வேறு ஆட்டம். மண்ணில்லாத வீரனாக முகாமோடு ஊர் ஊராகத் திரிவது அதில் பாதி, பைசாந்தியத்தின் நிர்வாக அரசு மீதி. சோழ அரியணையில் உட்கார்ந்திருப்பவருக்கு உடனடித் தேவை இல்லை. என்றாவது நாட்டை இழந்தால் ஆட்டம் அத்தோடு முடியாமல் நாடோடியாகத் தொடரலாம் என்பது ஆறுதல். அப்போது முகாமின் உணவு இருப்பைப் பார்க்காமல் தொலைதூரம் கிளம்பிவிடாதீர்கள். நார்தர்ன் லார்ட்ஸ், ஃபேட் ஆஃப் ஐபீரியா, லெகசி ஆஃப் பெர்சியா ஆகியவை அந்தந்த வட்டாரத்துக்கானவை. தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் காவிரிக் கரையில் அவை உதவாது.

பையன் பத்தாவது லீவுக்கு ஏதோ 'பண்டில்' வாங்கித் தரச் சொல்றானுங்க. ஒரு விளையாட்டுக்கு எதுக்குங்க இத்தனை துண்டு? ஏமாத்து வேலையா? அண்ணன் கணக்குல அதே விளையாட்டு ஏற்கெனவே இருக்குதுங்க.
— தாயார் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

ஏமாற்று இல்லைங்கம்மா, தறித்துணியை மீட்டராக வெட்டி விற்கிற வியாபாரம். ஆனால் உங்களுக்குச் செலவே இல்லாமல் போகவும் வழி உண்டு. ஸ்டீமில் 'ஃபேமிலீஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர்வரை சேரலாம். அண்ணன் கணக்கையும் தம்பி கணக்கையும் ஒரே குடும்பமாகச் சேர்த்தால், அண்ணன் வாங்கிய விளையாட்டும் அதன் டிஎல்சிகளும் தம்பிக்கும் தெரியும். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும், அவ்வளவுதான். குடும்பத்திலிருந்து ஒருவர் விலகினால் அந்த இடம் ஓராண்டுக்குப் பூட்டிக்கொள்ளும். பையன் தன் சிநேகிதனைச் சேர்க்கச் சொன்னால் யோசித்துச் சேருங்கள்.

அப்படியும் வாங்குவதானால் தனித்தனியாக வாங்காமல், எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்கும் பண்டில் பக்கத்திலேயே வாங்குங்கள். ஏற்கெனவே அந்தக் கணக்கில் உள்ளதைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு மட்டும் விலை போடுவார்கள். ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் பெரிய தள்ளுபடி வரும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிகிற மாதத்தில் அவசரப்பட்டு முழு விலை கொடுக்காதீர்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கி 14 நாளுக்குள், அந்த டிஎல்சி வாங்கிய பிறகு மூல விளையாட்டை இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருக்க வேண்டும். வியூக விளையாட்டில் நாட்டைத் தேர்ந்தெடுத்துப் பாடம் படிக்கவே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். எனவே வாங்கிய அன்றே பையன் பக்கத்தில் உட்கார்ந்து, புது வசதியை மட்டும் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் வெச்சிருக்கேனுங்க. டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வாங்கலாமா?
— வாசகர், சென்னிமலை

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இந்தப் பக்கத்தில் சொல்லக்கூடியது இது ஒன்றைத்தான். 2022 ஏப்ரலில் வந்தது. திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என மூன்று புது நாகரிகங்கள். பழைய 'இந்தியர்' இந்துஸ்தானி என்று பெயர் மாறியது. பாபர், ராஜேந்திரன், தேவபாலன் என்று மூன்று படையெடுப்புத் தொடர்கள். திராவிடருக்கான அதிசயக் கட்டடம் தஞ்சைப் பெரிய கோயில்.

ஆனால் திராவிடரை வாங்கிவிட்டு 'தோற்றுக்கொண்டே இருக்கிறேன்' என்று எழுதுபவர்கள் ஏராளம். காரணம் ஒன்றுதான். மற்ற நாகரிகங்களில் பழகிய கை, கோட்டைக் காலத்துக்குப் போனதும் தானாகக் குதிரைவீரனைத் தேடுகிறது. திராவிடருக்கு நைட் வரிசையே கிடையாது. இவர்களுடைய பலம் காலாளும் கடலும். ஒவ்வொரு காலம் ஏறும்போதும் 200 மரம் தானாக வரும், படைக்கொட்டில் ஆராய்ச்சிகளுக்குப் பாதி விலை, மீனவர் கூடுதலாக 15 சுமப்பார்கள். ஆகவே தண்ணீர் உள்ள வரைபடத்தில் மீன்பிடியில் தொடங்கி, வந்த 200 மரத்தைத் துறைக்கே போடுங்கள். பின்னால் திரிசடைக் கப்பல் வரும். தரை வரைபடத்தில் ஈட்டி எறிவோர் கைகொடுப்பார்கள், மற்றவர்களுடையதைவிட 25 விழுக்காடு வேகமாக எறிவார்கள். சுருள்வாள் வீரனைத் தனியாக வில்லாளிகள் முன்னால் அனுப்பினால் கிட்டப் போவதற்குள் விழுந்துவிடுவான். ஈட்டி எறிவோர் மறைவில் கொண்டுபோங்கள்.

கடைசிக் காலத்தில் 'வூட்ஸ் ஸ்டீல்' ஆராய்ச்சியைத் தவறவிடாதீர்கள், எதிரியின் கவசமே கணக்கில் வராது. வூட்ஸ் என்ற சொல்லுக்கு வேர் நம் 'உருக்கு' என்பார்கள். இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்த கொடுமணல் உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், நொய்யல் கரையில் இருக்கிறது.

மற்றவற்றில் விக்டர்ஸ் அண்டு வேன்கிஷ்ட் வெறும் 19 தனிப் போர்கள், புது நாகரிகம் கிடையாது. க்ரானிகிள்ஸ் வரிசை தனியாள் கதைக்கு நன்று. அதன் நாகரிகங்களைத் தரவரிசைப் போட்டியில் எடுக்க முடியாது.

விக்டோரியா 3 ஆடறேனுங்க. பிவட் ஆஃப் எம்பயர் வாங்கினா துணி மில் வெச்சு ஆடறதுக்கு ஏதாவது கூடுதலா கிடைக்குங்களா?
— பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்

மில்லுக்காக வாங்காதீர்கள். பருத்தித் தோட்டம், துணி, ஆடை, உற்பத்தி முறை மாற்றம் எல்லாம் மூல விளையாட்டிலேயே உண்டு. கையால் தைப்பதிலிருந்து அடுத்த படி சாயப்பட்டறை. அதற்கடுத்தது தையல் எந்திரம். திருப்பூருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, ஆனாலும் ஆட்டத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சந்தையில் சாயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் எல்லா மில்லையும் ஒரே நாளில் சாய முறைக்கு மாற்றுகிறார்கள். சாய விலை எகிறும், மில்லுக்கு நட்டம், ஆள் குறைப்பு, தெருவில் கூச்சல். முதலில் சாயத் தோட்டம், அது நிரம்பி ஓடிய பிறகு மாற்றம். தையல் எந்திரத்துக்கும் இதேதான்: கருவிப் பட்டறை முன்னால், எந்திரம் பின்னால்.

2024 நவம்பரில் வந்த பிவட் ஆஃப் எம்பயர் இந்தியாவின் அரசியலுக்கானது. 1836-இல் கிழக்கிந்தியக் கம்பெனியை எடுத்து, பிரிட்டனுக்குக் கீழிருந்து எப்படி வெளியே வருவது, சாதிக் கட்டமைப்பை எந்தச் சட்டத்தால் தளர்த்துவது என்பதுதான் அதன் சரக்கு. அதில் நாட்டம் இருந்தால் வாங்குங்கள். வியாபாரம்தான் விருப்பம் என்றால் 2025-இல் வந்த சார்ட்டர்ஸ் ஆஃப் காமர்ஸ் பக்கம் பாருங்கள், கம்பெனிகளுக்குச் சிறப்புப் பட்டயம் கொடுப்பது அதில். அதோடு வந்த உலகச் சந்தை மாற்றம் இலவசம். அதை ஆடிப் பார்த்துவிட்டே முடிவெடுக்கலாம்.

நாங்க நாலு பேரு. ராத்திரி ஒண்ணா ஆடுவோம். நாலு பேரும் வாங்கணுமா, ஒருத்தர் வாங்கினாப் போதுமா?
— நண்பர்கள், கரூர்

விளையாட்டைப் பொறுத்தது. யூரோப்பா 4, க்ரூசேடர் 3, ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 போன்ற பாரடாக்ஸ் விளையாட்டுகளில் ஆட்டத்தைத் திறப்பவரிடம் உள்ள டிஎல்சி சேர்பவர் எல்லோருக்கும் அந்த ஆட்டம் முழுக்கக் கிடைக்கும். மற்ற மூவரும் மூல விளையாட்டு வைத்திருந்தால் போதும். காசை நாலாகப் பங்கிட்டு, எந்நாளும் வரக்கூடிய ஒருவர் கணக்கில் வாங்குங்கள். நல்ல கம்பிவழி இணையம் உள்ளவராக அவர் இருக்கட்டும். திறந்தவர் இணைப்பு விழுந்தால் எல்லோர் ஆட்டமும் விழும். நால்வரும் ஒரே பதிப்பு எண்ணிலும், மோட் (ரசிகர்கள் செய்து தரும் மாற்றம்) போட்டிருந்தால் ஒரே மோட்களிலும் இருக்க வேண்டும். உள்ளே நுழைய முடியவில்லை என்றால் பத்தில் ஒன்பது தடவை கோளாறு இதுதான்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் டிஎல்சி நாகரிகத்தை வாங்கியவர் மட்டும் எடுத்து ஆடலாம், வாங்காதவர் அவரை எதிர்த்து ஆடத் தடையில்லை. சிவிலைசேஷன் 6-இல் விரிவாக்க விதிகளோடு ஆட வேண்டுமென்றால் நால்வரும் அதை வைத்திருக்க வேண்டும்.

சிவிலைசேஷன் 6 எபிக் கடையில் இலவசமாகக் கிடைத்தது. ரைஸ் அண்டு ஃபால், கேதரிங் ஸ்டார்ம் இரண்டில் எது?
— வாசகர், பொள்ளாச்சி

முதலில் உங்கள் எபிக் நூலகத்தைத் திறந்து எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2020 மே மாதம் எபிக் கொடுத்தது மூல விளையாட்டு மட்டும். 2025 ஜூலையில் பிளாட்டினம் பதிப்பையே இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் இரண்டு விரிவாக்கமும் அடக்கம். அதை அப்போது எடுத்து வைத்திருந்தால் கேள்வியே இல்லை.

இல்லையென்றால் கேதரிங் ஸ்டார்ம். விசுவாசம், ஆளுநர், பொற்காலம்–இருண்டகாலம் போன்ற ரைஸ் அண்டு ஃபாலின் விதிமுறைகள் இதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. அதன் நாடுகளும் தலைவர்களும் மட்டும் வராது. சந்திரகுப்தர் வேண்டுமென்றால்தான் பழையதும் வேண்டும். எபிக்கில் உள்ள விளையாட்டுக்கு எபிக்கில்தான் டிஎல்சி வாங்க வேண்டும். ஸ்டீமில் மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் அது அங்கேயே கிடக்கும், இங்கே ஒட்டாது.

நிறுவியதும் ஆற்றங்கரை வெள்ளச் சமவெளியில் ஊரை வைத்து மாவட்டங்களை (ஊரைச் சுற்றிக் கட்டும் சிறப்புப் பகுதிகளை) நிரப்பாதீர்கள். வெள்ளம் வரும், கட்டியது உடையும். வண்டலால் நிலம் செழிப்பதும் உண்டு. அணை கட்டும்வரை அந்தக் கட்டங்களில் வயல் மட்டும் இருக்கட்டும். கடலோரத் தாழ்நிலங்கள் பிற்காலத்தில் மூன்று கட்டமாக மூழ்கும். அயலான் எல்லையோரம் வைத்த புது ஊர் விசுவாசம் குறைந்து கை மாறும். ஆளுநரை அனுப்பினால் விசுவாசம் 8 கூடும். ஊர் வைப்பதற்கு முன்பே கணக்குப் போட்டு, வைத்ததும் அனுப்புங்கள்.

சோழர் ஆட சிவிலைசேஷன் 7-க்குத் தனி டிஎல்சி உண்டா?
— வாசகர், காங்கயம்

தனியாக எதுவும் வேண்டாம். மூல விளையாட்டிலேயே இரண்டாம் யுகத்தில் சோழர் இருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற இரு கட்டடங்களையும் வரைபடத்தின் ஒரே கட்டத்தில் கட்டினால் 'ஐந்நூற்றுவர்' வணிகப் பகுதி உருவாகும். கட்டம் மாறிக் கட்டினால் உருவாகாது.

ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் இந்தியாவுக்கு எது வாங்க?
— வாசகர், நாமக்கல்

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இந்தியாவுக்கு முதல் கவனமரம் (நாடு எந்த வழியில் போவது என்று தேர்ந்தெடுக்கும் கிளைப் பட்டியல்) கொடுத்த டுகெதர் ஃபார் விக்டரி இன்று மூல விளையாட்டோடு சேர்ந்துவிட்டது. டெத் ஆர் டிஸ்ஹானர், வேக்கிங் த டைகரும் அப்படியே. 2025-இல் கிரேவ்யார்ட் ஆஃப் எம்பயர்ஸ் இந்தியாவுக்குப் புதிய மரம் கொடுத்தது, ஆனால் ஆடியவர்கள் அதைக் கழுவி ஊற்றினார்கள். பழைய மரத்தை ஆடி அலுத்த பிறகு, தள்ளுபடியில் பார்க்கலாம்.

பொதுவாக வாங்குவதானால் நோ ஸ்டெப் பேக்கின் டாங்கி வடிவமைப்பு, மேன் த கன்ஸின் கப்பல் வடிவமைப்பு, பை பிளட் அலோனின் விமான வடிவமைப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆட்டம் பழக வேண்டும். டாங்கியில் புதியவர்கள் செய்வது பெரிய பீரங்கியும் கனத்த கவசமும் பூட்டுவது. விலை ஏறி மாதத்துக்கு நாலு வண்டிகூட ஆலையிலிருந்து வராது, வந்ததும் நம்பகத்தன்மை குறைந்து வழியிலேயே நிற்கும்.

அப்டேட் எறங்குனதுக்கப்புறம் பழைய ஆட்டம் தொறக்க மாட்டேங்குதுங்க. டிஎல்சி வாங்குனாச் சரியாகுங்களா?
— வாசகர், மேட்டுப்பாளையம்

ஆகாது. பதிப்பு மாறியதுதான் காரணம். ஸ்டீம் நூலகத்தில் விளையாட்டின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், பீட்டாஸ். பாரடாக்ஸ் விளையாட்டுகளுக்கு அங்கே பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும். நீங்கள் ஆடிக்கொண்டிருந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது மறுபடி இறங்கும், ஆட்டமும் திறக்கும். மோட் பழைய பதிப்புக்கு ஒத்து வருகிறதா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு டிஎல்சி ஒத்துவரவில்லை என்று சந்தேகம் வந்தால் அதே ப்ராப்பர்ட்டீஸில் டிஎல்சி பகுதியில் குறியை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். காசு போய்விடாது, திரும்பக் குறி போட்டால் வந்துவிடும்.

எம்பயர் டோட்டல் வாரில் மைசூரை எடுத்து ஆட டிஎல்சி இருக்கிறதா?
— வாசகர், தாராபுரம்

இல்லை. பெரும்போர் ஆட்டத்தில் இந்தியத் தரப்பில் மராத்தியர் மட்டுமே ஆடக் கிடைப்பார்கள். மைசூர் கணினியின் கையில் இருக்கும். வார்பாத் என்ற டிஎல்சி வட அமெரிக்கப் பழங்குடிகளுக்கானது, பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ரசிகர்கள் செய்த மோட்தான் ஒரே வழி. சங்ககிரிக் கோட்டையும் தாராபுரமும் அன்றைக்கு மைசூர் ஆட்சியில் இருந்தவை என்பதால் நம் பக்கத்தவருக்கு அந்த ஆசை நியாயமானதுதான்.

யூரோப்பா 5 வந்த பிறகும் 4-க்கு டிஎல்சி வாங்குவது புத்திசாலித்தனமா? மாதச் சந்தா கட்டலாமா?
— வாசகர், அந்தியூர்

5 வந்தது 2025 நவம்பரில். 1337-இல் தொடங்குகிறது. மதுரையில் சுல்தான், வடக்கே துங்கபத்திரைக் கரையில் அப்போதுதான் தலையெடுக்கும் விஜயநகரம் என்று நமக்கு ருசியான காலம். ஆனால் கணினி பலமாக இருக்க வேண்டும், இனிமேல்தான் அதற்கான டிஎல்சிகள் வரிசை கட்டும். 4 ஓடித் தேய்ந்து, பழுதெல்லாம் தெரிந்த வண்டி. எது நல்லது, எது கெட்டது என்று ஊருக்கே தெரியும், விலையும் இறங்கியிருக்கும். சாதாரண மடிக்கணினியோடு இருப்பவர் 4-இல் இருப்பதே சரி.

சந்தா பற்றி: 4-க்கு மாதச் சந்தா உண்டு, கட்டியிருக்கும்வரை எல்லா டிஎல்சியும் திறந்திருக்கும். இரண்டு மாத விடுமுறையில் மட்டும் ஆடுகிறவருக்கு அதுதான் லாபம். ஆண்டு முழுக்க வாரம் ஒருநாள் ஆடுகிறவருக்கு நட்டம். அவர் பெருந்தள்ளுபடியில் மூன்று நாலு டிஎல்சி வாங்கிப் போட்டுவிடலாம். இன்னொரு உபயோகமும் உண்டு: ஒரே ஒரு மாதம் சந்தா கட்டி, எல்லாவற்றையும் திறந்து வைத்து ஆடி, எந்தப் பொத்தானை உண்மையில் தொட்டோம் என்று எழுதி வைத்துக்கொண்டு, சந்தாவை நிறுத்திவிட்டு, அதை மட்டும் வாங்குவது. ஆடி மாதம் உங்கள் ஊர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்து, நாலு தப்படி ஓட்டிப் பார்த்துத்தானே துண்டுக்கடியில் கையை நீட்டுகிறார்? நிறுத்தும் தேதியை மட்டும் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சந்தா தானாக நிற்காது.